குளத்துத் தெருவுக்கு நிழல் வந்த கதை

வேங்கைக் காட்டில் குளத்துத் தெரு என்று ஒரு தெரு இருந்தது. அதன் ஒரு முனையில் குளம், மறுமுனையில் மேடு. மேட்டில் கீரி, மான், முயல், காட்டுப்பன்றி என்று பதினெட்டுக் குடும்பங்கள் குடியிருந்தன. தெருவின் இரண்டு பக்கமும் பதினெட்டுக் கடைகள். தேன்கடை வைத்திருந்தது மொந்தன் என்ற கரடி. அதற்குப் பக்கத்தில் நாரையின் மீன்கடை. எதிரே குரங்கின் பழக்கடை.

ஓர் ஐப்பசியில் அடித்த புயலில் தெருவோர மரங்கள் அத்தனையும் வேரோடு சாய்ந்தன. மழை பெய்துகொண்டிருந்த வரையில் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. சித்திரை பிறந்ததும் தெரிந்தது!

தெருமண் தோசைக்கல்லாகக் காய்ந்தது. முயல்கள் நடக்கவில்லை, துள்ளித் துள்ளி ஓடின. துள்ளியும் உள்ளங்கால் கொப்பளித்தது. விடிகிற நேரத்தில் ஒரு தரம், பொழுது சாய்ந்தபின் ஒரு தரம், அவ்வளவுதான். அதற்கு இடையில் மேட்டிலிருந்து யாரும் தெருவில் இறங்கவில்லை. கடைக்காரர்கள் பகல் முழுக்க ஈ ஓட்டினார்கள்.

ஒருநாள் உச்சி வெயிலில் புள்ளி என்ற பெண்மான் தெருவில் இறங்கியது. அதற்கு நிறைமாதம். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சுரைக்குடுக்கையைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போய், தண்ணீர் எடுத்துத் திரும்பும்போது தேன்கடைக்கு முன்னால் கண் இருட்டிக்கொண்டு விழுந்தது.

மேட்டிலிருந்து இதைப் பார்த்தது செம்பி என்ற கீரி. அது மூன்று குட்டிகளுக்குத் தாய். ஒரே ஓட்டமாக ஓடி வந்தது. மானை இழுத்துப் போட ஒரு கை அகல நிழல்கூடத் தெருவில் இல்லை!

"ஏய், யார் அங்கே? என் கடைவாசலில் கூட்டம் போடாதே!" என்று உள்ளேயிருந்து கத்தியது கரடி.

"கூட்டம் இல்லை அண்ணே! புள்ளி மயங்கி விழுந்துவிட்டாள்! வயிற்றுப் பிள்ளைக்காரி! உள்ளே கொஞ்சம் இடம் கொடுங்கள்!"

கரடி முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தது. மண்ணில் கால் பட்டதும் "அப்பாடி!" என்று ஒற்றைக்காலில் நின்றது. பிறகு மானை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கடைக்குள் படுக்க வைத்தது.

செம்பி தண்ணீர் தெளித்து விசிறியது. விசிறும்போதே கடையைச் சுற்றிப் பார்த்தது. மாட்டியிருந்த தேனடைகள் வெயிலில் இளகித் தொங்கின. தேன் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து வீணாகிக்கொண்டிருந்தது. வாங்க ஓர் ஆள் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மான் கண்ணைத் திறந்தது.

"என் குடுக்கை உடைந்துவிட்டதா?" என்று கேட்டது.

"குடுக்கை கிடக்கட்டும். நீ பிழைத்தாயே!" என்றது செம்பி.

அன்று மாலையே குளக்கரையில் எல்லோரையும் கூட்டியது செம்பி.

"இன்றைக்குப் புள்ளி விழுந்தாள். நாளைக்கு யாரோ! தெருவில் மரம் வைக்க வேண்டும்!" என்றது.

"வைக்கட்டுமே!" என்றது காட்டுப்பன்றி. "நாங்கள் வாங்குவதால்தானே கடை நடக்கிறது? கடைக்காரர்கள் வைக்கட்டும்!"

"நன்றாக இருக்கிறதே!" என்று கழுத்தை நீட்டியது மீன்கடை நாரை. "நாங்கள் கடைக்குள் உட்கார்ந்திருக்கிறோம். நடப்பது நீங்கள். நடக்கிறவர்கள் வையுங்கள்!"

"என் கடை முன்னால் மட்டும் யாரும் வைக்கக் கூடாது!" என்றது மொந்தன் கரடி. "மரம் வந்தால் கடை மறையும்! இலை கொட்டும்! காக்கை உட்கார்ந்து எச்சமிடும்!"

பேச்சு வளர்ந்தது. வாய்ச்சண்டை கைகலப்பாகும் நேரத்தில் ஒரு நரி நடுவில் வந்து நின்றது. அதன் பெயர் சவடாலன்.

"எதற்கு இந்தச் சண்டை? மரத்தை என்னிடம் விடுங்கள்! ஒரே நாளில் தெரு முழுக்க மரம்! கன்றுகூட இல்லை, ஆள் உயர மரம்! நீங்கள் ஒரு துரும்பைக்கூட அசைக்க வேண்டாம்!"

"ஒரே நாளிலா? எப்படி?" என்றது செம்பி.

"அது என் கைராசி! எனக்கு ஒரு மாலை, ஒரு விருந்து. போதும்!"

ஒரு துரும்பையும் அசைக்க வேண்டாம் என்றதும் எல்லோருக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. செம்பிக்கு மட்டும் உறுத்தியது. ஆனால் அதன் பேச்சை அன்று யார் கேட்டார்கள்?

இரண்டு நாள் கழித்துத் தெரு பச்சைப்பசேல் என்று நின்றது! இரண்டு பக்கமும் ஆள் உயர மரங்கள். கொட்டு முழங்கியது. நரிக்கு மாலை விழுந்தது. ஒரு பானை தேன், ஒரு கூடை மீன், ஒரு குலை வாழைப்பழம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தின்றுவிட்டு நரி ஏப்பம் விட்டது.

மூன்றாம் நாள் இலைகள் சுருண்டன. ஐந்தாம் நாள் உதிர்ந்தன. ஏழாம் நாள் தெருவில் வெறும் குச்சிகள் நின்றன.

செம்பி ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தது. அது சடக்கென்று கையோடு வந்தது. அடியில் வேரே இல்லை! எங்கேயோ வெட்டிய கிளைகளைக் கொண்டுவந்து மண்ணில் குத்திவைத்திருந்தது நரி.

"சவடாலா! வேர் எங்கே?" என்று உறுமியது காட்டுப்பன்றி.

"வரும் அண்ணே, வரும்! கொஞ்சம் பொறுக்க வேண்டும்! வேர் என்ன, கூப்பிட்டவுடனே ஓடி வருமா?"

"தின்ற விருந்து ஜீரணமாக வேண்டாமா? வா, குழி தோண்டு!" என்று பன்றி அதன் பிடரியைப் பிடித்தது.

நரி முனகிக்கொண்டே ஒரு குழி தோண்டியது. இரண்டாவது குழியைப் பாதி தோண்டும்போது, "தாகமாக இருக்கிறது, இதோ வந்துவிட்டேன்!" என்று குளத்துப் பக்கம் போனது. போனது போனதுதான். அதன்பின் அந்தக் காட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

"மரமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்!" என்று எல்லோரும் கலைந்துபோனார்கள்.

செம்பி போகவில்லை. ஒரு புங்கங்கன்றை வேர்மண்ணோடு எடுத்துக்கொண்டு நேரே தேன்கடைக்குப் போனது.

"என்ன அது?" என்றது கரடி.

"உங்கள் கடை முன்னால் வைக்கப்போகிறேன் அண்ணே."

"முடியாது! கடை மறைந்துவிடும் என்று சொன்னேனா இல்லையா?"

"இப்போது உங்கள் கடை நன்றாகத் தெரிகிறது. மேட்டிலிருந்து பார்த்தால்கூடத் தெரிகிறது! யார் வருகிறார்கள்?"

கரடி ஆளில்லாத தெருவை எட்டிப் பார்த்தது.

"தேனடை ஏன் உருகுகிறது அண்ணே? பகலில் ஆள் ஏன் வரவில்லை? இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எங்களுக்குக் கால் சுடுகிறது, உங்களுக்குக் கடை சுடுகிறது!"

கரடி தரையில் சொட்டிக் கிடந்த தேனைப் பார்த்தது. எரிச்சலோடு ஒரு விரலால் தொட்டு நக்கிக்கொண்டது.

"சரி, வை! ஆனால் காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க என்னால் ஆகாது."

"காலையில் மட்டும் நீங்கள் ஊற்றுங்கள். மாலையில் நான் வந்து ஊற்றுகிறேன். களை பிடுங்குவதும் மண் அணைப்பதும் என் வேலை. இது உங்கள் மரம், என் மரம். இரண்டு பேருக்கும்!"

இந்தப் பேச்சு கரடிக்குப் பிடித்துவிட்டது. முழுப் பாரமும் தன் தலையில் விழவில்லை என்றதும் அதற்கு உற்சாகம் வந்தது. நாரையைக் கூப்பிட்டது. "ஓய் நெட்டைக்காலா! நீயும் ஒன்று வை! எனக்குக் கீரி சேர்ந்துவிட்டது. உனக்கு ஒரு வீட்டைச் சேர்த்துக்கொள்!"

மீன்கடை நாரையோடு புள்ளி மான் சேர்ந்தது. பழக்கடைக் குரங்கோடு காட்டுப்பன்றி சேர்ந்தது. ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு கடையும் ஒரு வீட்டோடு சேர்ந்துகொண்டது. தெருவில் ஒரு மரத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள்!

காட்டுப்பன்றி கொம்புப் பல்லால் ஆழமாகக் குழி தோண்டியது. "நரி தோண்டிய குழியில் எலிகூடப் படுக்காது!" என்று சொல்லி அந்த ஒன்றரைக் குழியையும் மறுபடி தோண்டியது. முதல் மழை விழுந்த மறுநாள் பதினெட்டுப் புங்கங்கன்றுகளும் மண்ணில் இறங்கின. இந்த முறை கொட்டும் இல்லை, மாலையும் இல்லை.

ஆனால் மூன்றாம் நாள் காலையில் ஒரு கன்றுக்குத் தலையைக் காணவில்லை! மறுநாள் இன்னொன்றுக்கும் காணவில்லை! செம்பி ஒளிந்திருந்து பார்த்தது. செவலை என்ற காட்டாடு ஆடி அசைந்து வந்து கொழுந்தில் வாய் வைத்தது.

"பிடி! கட்டிப் போடு! தோலை உரி!" என்று கடைக்காரர்கள் தடியோடு ஓடி வந்தார்கள்.

"நான் என்ன செய்வேன்? கொழுந்தைக் கண்டால் வாய் கேட்கவில்லையே!" என்று அலறியது ஆடு.

"நில்லுங்கள்!" என்று குறுக்கே வந்து நின்றது செம்பி. "இதைத் துரத்தினால் நாளைக்கு வேறு ஆடு வரும். செவலை, நான் கேட்பதற்குப் பதில் சொல். இந்தக் கொழுந்து உனக்கு எத்தனை வாய்?"

"ஒரு வாய். அதுகூட அரை வாய்தான்."

"மரம் வளர்ந்தபின் தெருவில் தலை தட்டாமல் இருக்க ஆண்டுதோறும் கீழ்க்கிளைகளைக் கழிக்க வேண்டும். பதினெட்டு மரத்துத் தழை! அத்தனையும் உனக்கு. ஆனால் அதுவரை கன்றுகளுக்கு நீதான் காவல். வேறு ஆடு இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. உன் புழுக்கையும் மரத்துக்கே வர வேண்டும்!"

ஆடு தாடியை ஆட்டி ஆட்டி யோசித்தது.

"பதினெட்டு மரத்துத் தழையும் எனக்கா?"

"உனக்கே!"

"அப்படியானால் இந்தத் தெருவில் எவன் வாய் வைக்கிறான் என்று பார்த்துவிடுகிறேன்!" என்று கொம்பை ஆட்டியது செவலை.

அதன் காவலுக்குத் துணையாகத் தூக்கணாங்குருவிகள் ஈச்சநாரில் பதினெட்டுக் கூண்டுகள் பின்னிக் கன்றுகளைச் சுற்றி நிறுத்தின. தலைபோன இரண்டு கன்றுகளும் பக்கத்தில் கிளை வெடித்து மறுபடி துளிர்த்தன.

அடுத்த கோடை வந்தது. அதுதான் பெரிய சோதனை. மழை ஏமாற்றிவிட்டது. குளம் வற்றி நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கியது. மேட்டுக் குடும்பங்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு குடுக்கை மட்டும் எடுத்தன. கன்றுகள் அப்போதுதான் இடுப்பளவு வளர்ந்திருந்தன. இலைகள் வாடித் தொங்கின.

"வாய்க்கே தண்ணீர் இல்லை. மரத்துக்கு ஊற்றாதே!" என்றன முயல்கள்.

"ஊற்றாவிட்டால் ஓர் ஆண்டுப் பாடும் வீண்!" என்றது குரங்கு.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். செம்பிக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தன் மரத்தின் அடியில் போய் உட்கார்ந்தது. காய்ந்த மண்ணைக் கையால் தடவிப் பார்த்தது.

அப்போது பக்கத்துக் கடையில் சளக் என்று ஒரு சத்தம். நாரை மீன் கழுவிய தண்ணீரைத் தெருவில் கொட்டியது!

செம்பி துள்ளி எழுந்தது. "அண்ணே! அதைக் கொட்டாதீர்கள்!"

"ஏனாம்? மீன் கழுவிய தண்ணீர். நாறும்!"

"நமக்குத்தான் நாறும். மரத்துக்கு அது விருந்து!"

அன்றிலிருந்து தெருவில் ஒரு சொட்டு வீணாகவில்லை. மீன் கழுவிய தண்ணீர், பழம் கழுவிய தண்ணீர், குட்டிகளின் வாயும் காலும் கழுவிய தண்ணீர் எல்லாம் சட்டிகளில் சேர்ந்தது. குளத்து நீர் வாய்க்கு, கழுவிய நீர் வேருக்கு! முயல்களும் சமாதானமாயின.

மொந்தன் கரடிதான் திண்டாடியது. அதன் கடையில் கழுவுவதற்குத் தேன்பானையைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தத் தண்ணீரை ஒருநாள் ஊற்றியது. காடே திரண்ட மாதிரி எறும்பு வந்து மொய்த்தது! செம்பி சாம்பலைத் தூவி விரட்ட அரைநாள் ஆனது.

மறுநாள் காலையில் கரடியைப் பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். அது தன் பங்குக் குடுக்கைத் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியைக் கொண்டுவந்து மரத்தடியில் உட்கார்ந்து தலையில் ஊற்றிக் குளித்துக்கொண்டிருந்தது!

"அண்ணே! பொங்கலுக்குப் பொங்கல் குளிக்கிற நீங்களா?" என்றது குரங்கு.

"சும்மா இரு!" என்று தலையைச் சிலுப்பியது கரடி. "குளித்த தண்ணீர் கழுவிய தண்ணீர்தானே? என் மரம் மட்டும் வாடி நிற்பதா?"

அந்தக் கோடை முழுக்கக் கரடி நாள் தவறாமல் குளித்தது. மரமும் பிழைத்தது. தெருவில் காற்றும் மணந்தது!

ஆடியில் மழை கொட்டித் தீர்த்தது. கன்றுகள் ஒரே மூச்சில் எழும்பின. மூன்றாம் கோடைக்குள் பதினெட்டுப் புங்கையும் கூரையைத் தாண்டிக் கிளை விரித்து, எதிர்ப்பக்கத்துக் கிளையைத் தொட்டுக்கொண்டன.

சித்திரை மாதம், உச்சி வேளை. செம்பி மேட்டிலிருந்து தெருவில் கால் வைத்தது. மண் சில்லென்று இருந்தது! நம்ப முடியாமல் இன்னொரு காலை வைத்தது. அதுவும் சில்லென்று இருந்தது!

"எல்லோரும் வாருங்கள்! சுடவில்லை! தெரு சுடவில்லை!"

வீடுகள் திறந்தன. முயல்கள் ஓடவில்லை, நிதானமாக நடந்தன. பன்றி ஆற அமரப் பழம் பொறுக்கியது. காக்கைகள் கிளையில் உட்கார்ந்து எச்சமிடத்தான் செய்தன. ஒன்று கரடியின் தலையிலேயே விழுந்தது. கரடி அதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் தேன் அளந்துகொண்டிருந்தது. அத்தனை கூட்டம்! தேனடைகள் கட்டி குலையாமல் தொங்கின. செவலை ஆடு முதல்முறை கழித்த தழைக்குவியலின் மேல் படுத்து, யாரையும் நெருங்க விடாமல் மென்றுகொண்டிருந்தது.

இதைக் கேள்விப்பட்டுப் பக்கத்துப் பாறைத் தெருவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதன் முன்னால் நின்ற கழுதை அண்ணாந்து பார்த்தது. "எங்கள் தெருவில் ஒரு புல்கூட இல்லையே! இதை யார் வைத்தது?"

"செம்பிதான்!" என்றது கரடி.

"மொந்தன் அண்ணன்தான்!" என்றது செம்பி.

"நாரை!" என்றது மான். "பன்றி!" என்றது குரங்கு.

கழுதை விழித்தது. "என்ன இது? யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கை காட்டுகிறீர்கள்! எங்கள் தெருவிலும் அப்படித்தான். ஆனால் அங்கே வேலையைத் தள்ளிவிடத்தான் கை காட்டுவார்கள்!"

எல்லோரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

மழைக்காலம் பிறந்த முதல் நாள், குளத்துத் தெருவில் பதினெட்டுக் கடைகளையும் சாத்தினார்கள். கரடி இரண்டு தோளிலும் கன்றுகளைச் சுமந்தது. பன்றி பல்லைத் தீட்டிக்கொண்டு நடந்தது. குருவிகள் ஈச்சநாரைக் கவ்விப் பறந்தன. குரங்கு வெற்றுப் பானையில் தாளம் தட்டியது. செம்பி முன்னால் நடக்க, கடையும் வீடும் ஒரே ஊர்வலமாகப் பாறைத் தெருவை நோக்கிப் புறப்பட்டன. அங்கே தெருமுனையில் பாறைத் தெருக் கடைக்காரர்களும் குடித்தனக்காரர்களும் முதன்முறையாக ஒன்றாக நின்று, குழி தோண்டிவைத்துக் காத்திருந்தார்கள்!

கடையும் வீடும் பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டு, நட்ட கன்றை நாள்தோறும் காத்தால்தான் தெருவுக்கு நிழல் கிடைக்கும்.